அலாரம் அடிச்சா முதல் போன் யாருக்கு?
தோட்டத்து வீட்டுக்கு வயர்லெஸ் அலாரம் வைப்பவர்கள் கவனத்துக்கு...

‘தோட்டத்து வீட்டில் அப்பாவும் அம்மாவும் மட்டும் இருக்கிறார்கள். எனக்கு வெளியூரில் வேலை. வயர்லெஸ் அலாரம் வைக்கலாமா?’ - கொஞ்ச நாளாகவே வாசகர்களிடமிருந்து இந்த மாதிரி கேள்விகள் வந்துகொண்டிருக்கின்றன. 2024 நவம்பரில் பல்லடம் பக்கம் ஒரே குடும்பத்தில் மூன்று பேர், 2025-ல் சிவகிரி பக்கம் வயதான தம்பதி என அடுத்தடுத்து நடந்த கொலைகள், கொங்குப் பகுதியில் தோட்டங்களில் தனியாகக் குடியிருப்பவர்களின் தூக்கத்தைக் கெடுத்துவிட்டன.

தாராளமாக வைக்கலாம். ஆனால், அலாரம் திருடனைப் பிடிக்காது. சத்தம் போட்டு ஆளைக் கூப்பிடும், அவ்வளவுதான். கூப்பிட்டால் யார் ஓடி வருவார்கள் என்பதை முடிவு செய்துவிட்டு, அதன் பிறகு கடைக்குப் போங்கள்.

சிம் கார்டு போடும் ஒரு பெட்டி, கதவில் ஒட்டும் காந்த சென்சார், ஆள் நடமாட்டத்தைக் கண்டுபிடிக்கும் சென்சார், சைரன், ரிமோட். இவ்வளவுதான் சாமான். சுவரை உடைத்து ஒயர் இழுக்கும் வேலை கிடையாது. வாங்கும்போது ஒரு விஷயத்தைக் கட்டாயம் கேளுங்கள். விலை குறைந்த பெட்டிகளில் பல 2ஜி-யில் மட்டும் இயங்குபவை. ஜியோவுக்கு 2ஜி கிடையாது என்பதால், அந்த சிம் இதில் வேலை செய்யாது. புதிதாக வாங்குபவர்கள் 4ஜி பெட்டியாகவே வாங்கிவிடுங்கள். உங்கள் தோட்டத்தில் எந்த கம்பெனி சிக்னல் நன்றாகக் கிடைக்கிறதோ, அந்த சிம்மைப் போடுங்கள். சிம்மில் ‘பின்’ பூட்டு இருந்தால் எடுத்துவிட வேண்டும். ரீசார்ஜ் முடிந்துபோனால் சைரன் மட்டும்தான் கத்தும், போன் போகாது.

பெரும்பாலானவர்கள் சறுக்கும் இடம் ரிமோட்தான். அதில் பூட்டிய பூட்டுப் படம் இருக்கும். அதை அழுத்தினால் எல்லா சென்சார்களும் விழித்துக்கொள்ளும். வீட்டைப் பூட்டிவிட்டு வெளியே போகும்போது இது சரி. ராத்திரி உள்ளே படுத்துக்கொண்டு இதையே அழுத்தினால், தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட அலறும். இதற்காகத்தான் ‘ஹோம்’ என்று தனியாக ஒரு பட்டன் வைத்திருக்கிறார்கள். சில ரிமோட்டில் வீட்டுப் படம், சிலதில் மின்னல் படம் இருக்கும். இதை அழுத்தினால் கதவு, ஜன்னல் சென்சார்கள் மட்டும் காவல் இருக்கும், உள்ளே நடமாடலாம். தோட்டத்து வீட்டுக்கு ராத்திரிக் காவலே முக்கியம் என்பதால், பொருத்த வருகிறவர் கிளம்புவதற்கு முன்பே அப்பா, அம்மா இருவரையும் தலா நான்கு தடவை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். மகனுக்கு மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனால் பிரயோஜனம் இல்லை.

எஸ்.ஓ.எஸ் என்று போட்டோ, மணிப் படம் போட்டோ இன்னொரு பட்டன் இருக்கும். காவல் போடாத நேரத்திலும் அதை அழுத்தினால் சைரன் அடிக்கும், போன் போகும். ராத்திரி அந்த ரிமோட் தலையணை பக்கத்தில் இருக்க வேண்டும். சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்தால், தேவைப்படும் நேரத்தில் எழுந்து போய் எடுக்க முடியாது.

“அது ராத்திரி ராத்திரி சும்மா கத்துதுங்க. புடுங்கிப் போட்டுட்டனுங்க” என்றார் காங்கேயம் பக்கத்து விவசாயி ஒருவர். பெட்டியில் கோளாறு எதுவும் இல்லை. ஆள் நடமாட்டத்தைப் பார்க்கும் சென்சாரைத் திண்ணையில் மாட்டியிருந்தார். அது உடம்புச் சூடு நகர்வதை வைத்துக் கண்டுபிடிப்பது. நாய், பூனை, ஆட்டுக்குட்டி, சென்சார் மேலேயே ஊர்கிற பல்லி எல்லாமே அதன் கணக்கில் ஆள்தான். வெயில் நேரடியாகப் படும் இடத்திலும் இதே தொல்லை வரும். சுவரும் தரையும் உடம்பளவுக்குச் சூடாகும் சித்திரை மதியத்தில், ஆள் வந்தாலே கண்டுபிடிக்கத் திணறவும் செய்யும். அதனால், சாதாரண சென்சாரை வீட்டுக்குள்ளே, சுமார் 7 அடி உயரத்தில், ஆள் குறுக்கே நடக்கும்படியான மூலையில் மாட்டுங்கள். வாசலுக்கு வேண்டுமென்றால் வெளியிடத்துக்கென்றே செய்த சென்சார் தனியாகக் கிடைக்கிறது. இரும்புக் கதவாக இருந்தால் காந்தத்தை நேராக ஒட்டாமல், அடியில் சின்ன மரத்துண்டு வைத்து ஒட்டுங்கள். இரும்பு காந்தத்தின் பலத்தைக் குறைத்துவிடும். பெட்டியை வாசலில் வருகிறவர் கண்ணில் படும்படி வைக்காதீர்கள். சைரன் மட்டும் வெளியே, கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

பெட்டியில் ஐந்தாறு நம்பர் வரை பதியலாம். பெரும்பாலான மாடல்கள் பதிந்த வரிசையிலேயே ஒவ்வொரு நம்பராகக் கூப்பிடும். எல்லோரும் முதலில் போடுவது சென்னையில், பெங்களூரில் இருக்கும் மகன் நம்பர். பதறிப்போய் எழுந்து அவர் யாரைக் கூப்பிடுவார்? பக்கத்துத் தோட்டத்துக்காரரைத்தான். அந்த நேரம் வீணாகாமல், பக்கத்துத் தோட்டத்து நம்பரையே முதலில் போடுங்கள். அவர் வீட்டு வாசல் விளக்கு எரிந்தாலே பாதிப் பேர் ஓடிவிடுவார்கள். பங்காளிச் சண்டை, வரப்புத் தகராறு என்று பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தால், இதைச் சாக்காக வைத்தாவது ஒரு தடவை போய்ப் பேசிவிட்டு வாருங்கள். இரண்டாவது, ஊருக்குள் இருக்கும் உறவுக்காரர். மகன், மகள் எல்லாம் அடுத்து. 112-ஐ பெட்டியில் பதிய வேண்டாம். பூனை குதித்ததற்கெல்லாம் அழைப்பு போய்க்கொண்டிருக்கும். விஷயம் நிஜம் என்று தெரிந்ததும் ஆள் பேசிச் சொல்வதுதான் முறை. உள்ளூர் ஸ்டேஷன் நம்பர் எல்லோர் போனிலும் இருக்கட்டும்.

கரண்ட் போனாலும் உள்ளே இருக்கும் பேட்டரியில் பெட்டி சில மணி நேரம் ஓடும். மின்சாரம் நின்றதும் எஸ்.எம்.எஸ் அனுப்பும் வசதி உள்ள மாடலாக வாங்குங்கள். நள்ளிரவில் உங்கள் வீட்டில் மட்டும் கரண்ட் போனால் அதுவே ஒரு தகவல். சென்சார் பேட்டரிதான் சிக்கல். விலை குறைந்த சென்சார்கள் பெட்டிக்குச் செய்தி அனுப்பும், அவ்வளவுதான். பேட்டரி தீர்ந்து ஒரு சென்சார் செத்துக் கிடந்தாலும் பெட்டிக்குத் தெரியாது. வீடு துடைக்கிற அமாவாசை அன்று சென்சாரையும் உலர்ந்த துணியால் துடைத்து, பக்கத்துத் தோட்டத்தில் சொல்லிவிட்டு, ஒவ்வொரு கதவாகத் திறந்து அலாரம் அடிக்கிறதா, போன் போகிறதா என்று பாருங்கள். பெட்டியோடு வரும் 1234 மாதிரியான ரகசிய எண்ணை முதல் நாளே மாற்றிவிடுங்கள்.

கிணற்று மேட்டு மோட்டார் ரூமில் கேபிள் திருட்டைத் தடுக்க, வீட்டுப் பெட்டியோடு ஒரு சென்சாரைச் சேர்த்துக்கொள்ளலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். அட்டையில் 100 மீட்டர் என்று போட்டிருந்தாலும், அது வெட்டவெளிக் கணக்கு. இடையில் இரண்டு சுவர், ஒரு தகரக் கூரை வந்தாலே தூரம் வெகுவாகக் குறைந்துவிடும். மோட்டார் ரூமுக்குத் தனியாக ஒரு சிம் போட்ட சின்னப் பெட்டிதான் சரிப்படும்.