உத்தரவாத அட்டை மட்டும் போதுமா?



கல்லூரியில் பயிலும் மகனுக்கோ மகளுக்கோ மடிக்கணினி வாங்கித் தருவது நடுத்தரக் குடும்பத்திற்கு எளிய செயலன்று. பல மாதச் சேமிப்பு அதில் அடங்கியுள்ளது. அது சில மாதங்களிலேயே பழுதடைந்தால், ‘வாரண்டி இருக்கிறதே’ என்று கடைக்கு விரைகிறோம். கடைக்காரரோ சர்வீஸ் சென்டரைக் கைகாட்டுகிறார். அங்கோ, ‘பத்து நாள் கழித்து வாருங்கள்’ என்கின்றனர். இந்த அலைச்சலில் நமக்குத் துணை நிற்பது வாய்ச்சொல் அன்று; எழுத்துச் சான்றே.

எந்த உத்தரவாதம்?

தயாரிப்பாளர் அளிக்கும் உத்தரவாதம் வேறு. கடையில் தனிக்கட்டணம் பெற்றுத் தரப்படும் நீட்டிப்பு உத்தரவாதம் வேறு. முன்னது பெரும்பாலும் ஓராண்டு. பின்னது பொதுவாக அந்த ஓராண்டு முடிந்த பிறகே தொடங்கும். கீழே விழுந்து உடைவதும், தேநீர் சிந்திப் பழுதாவதும் சாதாரண உத்தரவாதத்தில் அடங்கா. எனவே நிபந்தனைகளைப் படித்தறிந்த பின்னரே பணம் செலுத்துங்கள்.

ஒப்படைக்கும் முன்

உத்தரவாதம் கருவிக்கு மட்டுமே. அதிலுள்ள பாடக்குறிப்புகளுக்கும் புகைப்படங்களுக்கும் அன்று. ஆகவே, கணினி இயங்கும் நிலையிலிருந்தால் அவற்றைப் பென் டிரைவில் படியெடுத்துக் கொள்ளுங்கள். வங்கிக் கணக்கு, மின்னஞ்சல் ஆகியவற்றிலிருந்து வெளியேறி விடுங்கள்.

கொடுக்கும்போது ‘ஜாப் ஷீட்’ எனப்படும் பணிச்சீட்டைக் கேட்டுப் பெறுங்கள். தேதி, கணினியின் சீரியல் எண், குறை, வெளிப்புற நிலை ஆகிய நான்கும் அதில் இடம்பெற வேண்டும். வெளிப்புற நிலையைக் குறிப்பிடாவிடில், பின்னர் ‘விரிசல் முன்பே இருந்தது’ என்று கூறப்பட்டால் மறுக்க வழியிராது. ‘உள்ளே நீர் புகுந்துள்ளது, உத்தரவாதம் செல்லாது’ என்றால், அதனை எழுத்து மூலமாகவும் புகைப்படத்துடனும் கேளுங்கள்.

திரும்பப் பெறுகையில் இயக்கிப் பார்த்த பின்னரே கையொப்பமிடுங்கள். மாற்றப்பட்ட பாகங்களைக் குறித்துத் தரச் சொல்லுங்கள். ஒரே பழுது மீண்டும் மீண்டும் வருமாயின், அதனை மெய்ப்பிப்பவை இந்தச் சீட்டுகளே.

சட்டத்தின் துணை

முறையிட்டும் பயனில்லையெனில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகார் செய்யலாம். அதிலும் தீராவிடில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை நாடலாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருள் வாங்கிய ஊர் தொலைவிலிருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை. பொருளின் விலை 5 இலட்சம் ரூபாய்க்கு உட்பட்டதெனில் கட்டணமும் இல்லை. ஆனால் வழக்கிற்கான காரணம் எழுந்த 2 ஆண்டுகளுக்குள் தொடுத்தல் வேண்டும். குறை மெய்யெனக் கண்டால் பழுது நீக்கவோ, மாற்றுக் கருவி வழங்கவோ, பணத்தைத் திருப்பித் தரவோ ஆணையம் உத்தரவிடும்.

வாசகர்களே! இன்றே வீட்டில் ஓர் உறையை எடுத்து, ரசீது, உத்தரவாத அட்டை, பணிச்சீட்டுகள் அனைத்தையும் அதில் இட்டு வையுங்கள். ரசீதின் எழுத்துகள் மங்கிவிடக் கூடியவை. எனவே அதற்கு ஒரு நகலும் எடுத்துக் கொள்ளுங்கள். உழைத்துச் சேர்த்த பணத்திற்கு அந்த உறையே காவல்.