ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ரசம் சாதம்!

கடைசி மின்சார ரயிலில் தாம்பரம் வந்து இறங்கியிருக்கிறீர்களா? பீச்சில் ஏறும்போது உட்கார ஓர் இடம் கிடைத்தால் போதும் என்று இருக்கும். பல்லாவரம் தாண்டும்போது வயிறு பேச ஆரம்பித்துவிடும். சானடோரியத்தில் மெப்ஸ் ஷிஃப்ட் முடித்த கோஷ்டி ஒன்று தொங்கிய முகத்தோடு ஏறும். தாம்பரத்தில் இறங்கி, படியேறி, மேற்குப் பக்கம் வெளியே வந்தால்... டங், டக டக, டங்!

கொத்து பரோட்டா.

வேறு என்ன உண்டு? ஃப்ரைடு ரைஸ் உண்டு. சிக்கன் பக்கோடா உண்டு. சால்னாவில் முங்கி எழக்கூடிய சமாசாரம் எதுவானாலும் உண்டு. 'ஒரு பிடி சாதமும் கொஞ்சம் ரசமும் கிடைக்குமா?' என்று கேட்டுப் பாருங்கள். மாஸ்டர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். ''சாப்பாடு மூணு மணியோட முடிஞ்சுபோச்சு சார்!'' அவர் சொல்கிற மூணு மணி, மத்தியானம் மூணு மணி.

பரோட்டாவுக்கு நான் விரோதியில்லை. (விரோதியென்றால் தாம்பரத்தில் குடியிருக்க முடியாது.) வாரத்தில் ஒரு நாள் என்றால் அமிர்தம். ஆறு ராத்திரியும் அதையே தின்கிற பேச்சிலர்களைக் கேட்டுப் பாருங்கள். தலையணைக்கு அடியில் ஜெலுசில் வைத்துக்கொண்டு தூங்குகிற ஜாதி அது.

இதில் ஜப்பான் எங்கே வந்தது என்றால், ஓரகடம் வழியாக வந்தது. 2010-ல் அங்கே ரெனோ-நிஸ்ஸான் கார் தொழிற்சாலை திறந்ததிலிருந்து அந்தப் பக்கம் ஜப்பான் வாடை பலமாகவே அடிக்கிறது. என் நண்பன் ஒருவன் அந்த வட்டாரத்தில் உதிரிபாகக் கம்பெனியொன்றில் இருக்கிறான். ட்ரெய்னிங் என்று ஆறு மாசம் நகோயாவுக்கு அனுப்பினார்கள். புல்லட் ரயில், செர்ரிப் பூ என்று அளக்கப்போகிறான் என எதிர்பார்த்தேன். வந்தவன் சொன்ன முதல் வார்த்தை: ''மச்சான், அங்க ராத்திரி ஒரு மணிக்கு வீட்டுச் சோறு கிடைக்குதுடா!''

அந்த மாதிரிக் கடைக்கு 'ஷோகுதோ' என்று பெயர். நேராகச் சொன்னால் சாப்பாட்டுக் கூடம், அவ்வளவுதான். எல்லாம் ராத்திரி திறந்திருக்காது. ஆபீஸ்காரர்கள் லேட்டாகத் திரும்பும் பேட்டைகளில் சிலது இருக்கும். ஒரு தட்டில் சோறு, சோயா விழுது கரைத்த மிஸோ சூப், சுட்ட மீன், கொஞ்சம் ஊறுகாய். இந்தக் கூட்டணிக்குப் பெயர் தெய்ஷோகு. நம்ம சாதம், ரசம், வறுவல், ஊறுகாய்தானே இது? கிண்ணத்தை நீட்டி 'ஓகாவாரி' என்றால் இன்னொரு தரம் சோறு. பல கடைகளில் அதற்குத் தனிக் காசு கிடையாது.

இதை வைத்தே அங்கே ஒரு படக்கதை ஓடோ ஓடென்று ஓடியிருக்கிறது. எழுதி வரைந்தவர் பெயர் யாரோ அபே. (நிஜமாகவே 'யாரோ'தான்!) 2006-ல் பத்திரிகையில் ஆரம்பித்து, 2009-ல் டி.வி. தொடராகவும் ஆனது. 'ஷின்யா ஷோகுதோ', அதாவது நடுராத்திரி சாப்பாட்டுக் கடை. டோக்கியோவில் ஷின்ஜுகு பக்கம் ஒரு சந்து. ராத்திரி பன்னிரண்டுக்குத் திறந்து காலை ஏழுக்கு மூடுவார்கள். போர்டில் இருக்கிற சாப்பாடு ஒரே ஒரு அயிட்டம், பன்றிக்கறி சூப். ஆனால் கையில் சாமான் இருந்தால் எதைக் கேட்டாலும் முதலாளி செய்து தருவார். வருகிறவர்கள் என்ன கேட்கிறார்கள் என்கிறீர்கள்? சின்ன வயசில் அம்மா செய்த முட்டைச் சுருள், சுடுசோற்றில் டீயை ஊற்றிய சாதம், மீன் சீவலைத் தூவி சோயா ஊற்றின 'பூனைச் சோறு'. நாம் பருப்புப்பொடியும் நெய்யும் கேட்கிற மாதிரி!

சரி, தாம்பரத்தில் இது ஏன் இல்லை? பி.காம். படித்தது இந்த ஒரு கணக்குக்காவது உதவட்டும். பரோட்டா மாவு சாயந்தரம் பிசைந்தால் நடுராத்திரி வரைக்கும் தாங்கும். ஆர்டர் வந்தபிறகு கல்லில் போட்டால் போதும். ஓர் அண்டா சால்னா எல்லாருக்கும் ஆகும். சாதம் அப்படியில்லை. வடித்தது மிஞ்சினால் நஷ்டம், தண்ணி ஊற்றிப் பழையதாக்க வேண்டியதுதான். குறைந்தால் வந்த ஆள் திரும்பிப் போய்விடுவான். அந்த ஜப்பான் கடையில் ஏழெட்டு ஸ்டூல்தான். முதலாளியே சமையல்காரர், அவரே சர்வர், அவரே கல்லா. சம்பளச் செலவு இல்லாததால் நாலு கிண்ணம் மிஞ்சினாலும் தாங்கும். பத்து ஆளுக்குச் சம்பளம் கொடுக்கிற ஓட்டல் இதில் இறங்கவே இறங்காது.

அப்படியென்றால் ஒற்றை ஆள் கடைதான் வழி. மேற்குத் தாம்பரத்தில் அப்படி ஒன்று இருக்கிறது, தள்ளுவண்டியில். நடத்துகிறவர் ஒரு அக்கா. பத்தரைக்கு மேல்தான் உலை வைக்கிறார். மொத்தமாக வடிப்பதில்லை, சின்ன குக்கரில் ஆள் வர வர ஒவ்வொரு ஆழாக்காக. ரசம், ஒரு துவையல், அப்பளம், கேட்டால் ஆம்லெட். நண்பனைக் கூட்டிக்கொண்டு போனேன். பக்கத்தில் மஃப்ளர் சுற்றின பையன் ஒருவன் ஆம்லெட் கேட்டான். அக்கா அவன் முகத்தைப் பார்த்தார்.

''காய்ச்சலா? ஆம்லெட் வேணாம். மிளகைத் தட்டிப் போட்டு ரசம் தர்றேன், குடிச்சுட்டுப் போய்ப் படு.''

''மச்சான், இதான்டா அது!'' என்றான் நண்பன், துவையலோடு.

அப்போது ஒரு ஜீப் வந்து நின்றது. உள்ளேயிருந்து டார்ச் மட்டும் ஆடியது. அக்கா ஸ்டவ்வைத் தணித்து, ''முடிஞ்சுது சார், கழுவிட்டு இருக்கேன்'' என்றார். நாங்கள் தட்டோடு லாம்ப் போஸ்ட்டின் மறுபக்கம் போய் நின்றோம். டி.வி. தொடரில் இந்த ஸீன் இல்லை.

இத்தனைக்கும் 2019-ல் தமிழக அரசு கடைகளை இருபத்து நாலு மணி நேரமும் திறந்து வைக்கலாம் என்று உத்தரவு போட்டது. 2022-ல் அதை நீட்டித்தும் விட்டது. ஆனால் அது பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற கடைகளுக்கு. அக்கா கடையில் அக்காவும் ஒரு குக்கரும். தள்ளுவண்டிக்கு என்று 2014-ல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டம் தனி. அதில் இடமும் நேரமும் குறித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். ''அலையறதுக்கு ஆள் யாரு தம்பி? பகல்ல தூங்கணும்ல?'' என்கிறார். நியாயம்தான். 2021-ல் தாம்பரம் மாநகராட்சி ஆகிவிட்டது. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்து, ராத்திரி பூரா ஜனம் நடமாடுகிறது. நடமாடுகிற ஜனத்துக்கு வயிறும் கூடவே வருகிறது என்பதை யாராவது ஃபைலில் எழுதினால் தேவலை.

சந்து எதுவென்று மட்டும் கேட்காதீர்கள். எழுதினால் கூட்டம் வரும், கூட்டம் வந்தால் ஜீப் வரும்.

ஜீப் போன பிறகு அக்கா ஸ்டவ்வை மறுபடி தூண்டினார். நண்பன் உற்சாகம் தாங்காமல் தட்டை நீட்டி, ''ஓகாவாரி!'' என்றான்.

''அதெல்லாம் இங்க கிடையாது தம்பி. இன்னும் கொஞ்சம் சாதம் வேணும்னா சொல்லு, போடறேன்.''