கொரியாவுக்குப் படிக்கப் போறீங்களா? குப்பைப் பையையும் படிச்சுட்டுப் போங்க!

பனமலை—
செஞ்சிக்குத் தெற்கே இருக்கிறது பனமலை. குன்றின் மேல் ராஜசிம்ம பல்லவன் கட்டிய தாளகிரீசுவரர் கோயில். பக்கத்தில் ஏரி. இந்த ஊர்ப் பையன் ஒருவன் தென்கொரியாவுக்குப் படிக்கப் புறப்படுகிறான் என்று வைத்துக்கொள்வோம். "தெரியாத தேசத்துலே எப்படிடா காலம் தள்ளுவே?" என்றுதான் ஆயா முதலில் கேட்பாள்.

கொரியா நமக்கு அப்படியொன்றும் அந்நியமில்லை. இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையில் 1998-லேயே கார் உற்பத்தி தொடங்கிவிட்டது. கொரிய மொழி தெரிந்தவருக்கு இங்கேயே வேலை வாய்ப்பு உண்டு.

அப்பாவுக்கு அப்பாதான்!

மொழியைக் கண்டு மிரள வேண்டாம். செஜோங் மன்னர் 1446-ல் அறிவித்த எழுத்து அது. அடிப்படை எழுத்துகள் 24 தான். நம் உயிர்மெய் போலச் சேர்த்து எழுதலாம். வினைச்சொல் நம்மைப் போலவே வாக்கியத்தின் கடைசியில் வரும். அப்பாவை அங்கேயும் 'அப்பா' என்றுதான் கூப்பிடுகிறார்கள்! பெரியவரிடம் பேச மரியாதை நடை தனி. அதனால்தான் பார்த்தவுடன் வயதைக் கேட்பார்கள். கோபப்படக் கூடாது. பெரியவர் எதைக் கொடுத்தாலும் இரண்டு கையாலும் வாங்க வேண்டும்.

குப்பைக்கும் காசு!

செருப்பை வாசலில் கழற்றும் பழக்கம் அங்கேயும் உண்டு. குளிர்காலத்தில் தரையே சூடாக இருக்கும். தரைக்கு அடியில் சூடேற்றும் ஏற்பாடு. திண்டாட்டம் குப்பையில்தான். 1995 முதல் அந்தந்தப் பகுதி நிர்வாகத்தின் பையை விலை கொடுத்து வாங்கி அதில்தான் போட வேண்டும். மிச்சச் சோறு தனி, பாட்டில் தனி, காகிதம் தனி. கண்டபடி கொட்டினால் அபராதம்!

சோறு உண்டு; ஆனால் ஒட்டும். கரண்டியாலும் உலோகக் குச்சியாலும் சாப்பிட வேண்டும். கிம்ச்சி நம் ஊறுகாய்க்கு உறவு மாதிரிதான். ஆனால் அதில் பெரும்பாலும் மீன் சாறோ உப்பிட்ட இறாலோ சேர்ந்திருக்கும். சைவக்காரர்கள் கேட்டுச் சாப்பிடுவது நல்லது.

நகையை அடகு வைக்கும் முன்...

பெற்றோர் உஷாராக இருக்க வேண்டிய இடம் இது. "போனதும் வேலை பார்த்துக் கடனை அடைச்சுடலாம்" என்று யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள். மாணவர் விசாவில் பகுதிநேர வேலை பார்க்கக் குடியேற்ற அலுவலகத்தின் அனுமதி முன்கூட்டியே வேண்டும். எத்தனை மணி நேரம் என்பதும் கொரிய மொழித் தேர்ச்சியைப் பொறுத்தது. திருட்டுத்தனமாக வேலை செய்து மாட்டினால் விசாவே பறிபோகலாம். அப்புறம் படிப்பும் போச்சு, நகையும் போச்சு!

நேர்வழி இருக்கிறது. கொரிய அரசின் உதவித்தொகைத் திட்டம் கல்விக் கட்டணம், விமான டிக்கெட், மாதச் செலவு, ஓராண்டு மொழிப் பயிற்சி எல்லாம் தருகிறது. போட்டி கடுமை; மதிப்பெண் பேச வேண்டும். சென்னையில் 2006-ல் தொடங்கிய இன்கோ மையத்தில் கொரிய மொழி சொல்லித்தருகிறார்கள். இங்கேயே எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டு போனால் அங்கே பாதிச் சுமை குறையும்.

போய் இறங்கியதும் 90 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவை முடித்து அட்டை வாங்க வேண்டும். பல காரியங்களுக்கும் அந்த அட்டையைத்தான் கேட்பார்கள். 2021 மார்ச் முதல் வெளிநாட்டு மாணவருக்கும் அரசு மருத்துவக் காப்பீடு கட்டாயம். மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். ஆபத்து என்றால் ஆம்புலன்சுக்கு 119.

பனமலையில் மாலை 6 மணிக்கு விளக்கேற்றும்போது சியோலில் இரவு 9.30. அந்த நேரம் பார்த்துப் போன் போட்டு, "சாப்பிட்டியாப்பா?" என்று கேளுங்கள். கொரியாக்காரர்களும் நலம் விசாரிக்க அதையேதான் கேட்கிறார்கள்!