குளிர் மாறாத சென்சார்

ரயில்வேயில் டீசல் என்ஜின்களோடு காலம் கழித்தவன் என்பதால், இங்கே தில்லியில் பக்கத்து வீட்டு அன்பர் தம் பெட்ரோல் காரை என்னிடம் காட்டினார். மைலேஜ் குறைந்துவிட்டது, கரும்புகை வேறு. சூடான பின் நிறுத்தினால் மறுபடி கிளம்ப மறுக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் கம்ப்யூட்டரையே மாற்றச் சொன்னார்களாம். பென்ஷன்காரருக்கு அது பெருஞ்செலவு.

என் சந்தேகம் கூலன்ட் வெப்பநிலை சென்சார் மீது. அதன் மின்தடை குளிரில் அதிகம். சூடு ஏற ஏறக் குறையும். பல கார்களில் 20 டிகிரியில் ஏறத்தாழ 2,500 ஓம், 80 டிகிரியில் 300 ஓம். பங்குனி மாதக் காலையில், இக்னிஷனை அணைத்து, கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டரில் அளந்தேன்: 2,600. என்ஜினை ஓட்டிச் சூடேற்றி அளந்தபோதும் 2,400!

என்ஜின் குளிர்ந்தே இருப்பதாக எண்ணிய கம்ப்யூட்டர், பெட்ரோலைக் கூடுதலாகச் செலுத்தியிருக்கிறது. ரேடியேட்டர் விசிறியையும் ஓட்டவில்லை. நெரிசலில் சிக்கினால் என்ஜின் கொதித்து ஹெட்டே வளையக்கூடும்.

சென்சாரை மாற்றியதும் வண்டி சரியாயிற்று. கம்ப்யூட்டர் பழையதேதான்.

அன்பர்களே, முதலில் கூலன்ட் அளவையும் கனெக்டரில் பச்சைக் களிம்பு உள்ளதா என்றும் பாருங்கள். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். அளந்து பார்த்த பிறகே பாகத்தை மாற்றுங்கள்.