சக்கரம் முனகினால், ஸ்பானரை எடுக்கும் முன்

பிரிட்டனில் பணி ஓய்வு பெற்ற கையோடு சேமிப்பைக் கொட்டிப் பழைய மோட்டார்ஹோம் வாங்குவோர் பலர். மெத்தையை அழுத்திப் பார்ப்பார்கள், அடுப்பைப் பற்றவைத்துப் பார்ப்பார்கள். சக்கரங்களைக் குனிந்து பார்ப்பவர்கள் குறைவு. நெடுஞ்சாலையில் ஏறியதும் அடியிலிருந்து ‘ஹூம்’ என்று இரைச்சல் கிளம்பும்போதுதான் கவலை பிடிக்கிறது.

இரைச்சலைக் கவனித்தாலே பாதி விவரம் தெரிந்துவிடும். வேகத்தோடு சத்தமும் ஏறி, இடப்பக்கம் வளையும்போது பலத்து, வலப்பக்கம் வளையும்போது தணிந்தால் வலது சக்கர பேரிங்கைச் சந்தேகிக்கலாம். வளைவில் எடை அந்தப் பக்கம் சாய்வதே காரணம். ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது ‘டக் டக்’ என்றால் சிவி ஜாயிண்ட். பிரேக் மிதித்ததும் கரகரத்தால் தேய்ந்த பேட், அல்லது துருவேறிய டிஸ்க். சக்கரம் கடகடத்தால் நட்டு தளர்ந்திருக்கலாம். உடனே ஓரங்கட்டி நிறுத்த வேண்டும்.

டயரும் இரையும். மோட்டார்ஹோம் மாதக்கணக்கில் நின்றே கிடப்பதால் பட்டன் தேயும் முன்பே ரப்பர் கெட்டுவிடுகிறது. டயரின் பக்கவாட்டில் 2316 என்று இருந்தால், அது 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. லாரி, பேருந்துகளின் முன்சக்கரங்களில் 10 ஆண்டு கடந்த டயர்களை பிரிட்டன் 2021 பிப்ரவரியில் தடைசெய்தது. சொந்த உபயோக மோட்டார்ஹோமுக்கு அந்தத் தடை இல்லை. ஆபத்து மட்டும் குறைவதில்லை.

சுமை ஏற்றினால் 3,500 கிலோவரை வரும் வண்டியைச் சாலையோரத்தில் ஜாக்கி போட்டுத் தூக்கிப் பார்ப்பது உயிரோடு விளையாடுவது. பட்டறையில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பேரிங்கின் ஆட்டம் கையிலேயே தெரியும்.

ஆனால் அவசரப்பட்டுப் பழுதை நீக்கிவிட்டால், வண்டி விற்கும்போதே பழுதாக இருந்தது என்பதற்கான சான்று கைவிட்டுப் போகும். சத்தத்தைப் பதிவுசெய்து, தேதியும் ஓடிய மைலும் குறித்து, முதலில் விற்ற வியாபாரிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வியாபாரி விற்ற வண்டி அதன் வயதுக்கும் விலைக்கும் ஏற்ற தரத்தில் இருந்தாக வேண்டும். விற்றபோதே பழுது இருந்ததென்று காட்ட முடிந்தால், 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். அதன் பிறகு, பழுதுபார்க்க வியாபாரிக்கு ஒரு வாய்ப்பு தர வேண்டும். அப்போதும் சரியாகாவிட்டால் வண்டியைத் திருப்பித் தரலாம், அல்லது விலைக் குறைப்பு கேட்கலாம். 6 மாதத்துக்குள் வெளிப்பட்ட பழுதுக்காக இந்தப் பிந்தைய தீர்வுகளைக் கேட்கும்போது, அது முன்பே இல்லை என்று நிரூபிப்பது வியாபாரியின் பொறுப்பு. வயதுக்கேற்ற சாதாரணத் தேய்மானம் இதில் சேராது.

தனிநபரிடம் வாங்கியவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. விற்றவர் சொன்ன விவரம் பொய்யென்றால்தான் வழக்குக்கு இடமுண்டு. தனிநபரிடம் வாங்க நினைப்பவர்கள் முன்கூட்டியே வண்டியின் பதிவு எண்ணை அரசு இணையதளத்தில் இட்டு, எம்ஓடி எனப்படும் வாகனத் தகுதிச் சோதனையின் வரலாற்றை இலவசமாகப் பார்த்துவிடுவது நல்லது. டயர், பிரேக் பற்றிப் பரிசோதகர் முன்பு எச்சரித்திருந்தால் அது அங்கே பதிவாகியிருக்கும்.