வலைப்பூ வாடாமல் காப்போம்

பயண அனுபவங்கள், படித்த நூல்கள், பாட்டியிடம் கேட்ட கதைகள் எனத் தம் எண்ணங்களை எழுதி இணையத்தில் வெளியிடும் தனிப்பட்ட தளமே வலைப்பூ ஆகும். 1999ஆம் ஆண்டில் பிளாக்கர் சேவை தொடங்கப்பட்டது. நிரல் எழுதத் தெரியாதவர்களும் அதன் துணையுடன் வலைப்பூ தொடங்கினர். 2003ஆம் ஆண்டில் மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் ஆகிய இருவரும் வேர்ட்பிரஸ் என்னும் மென்பொருளை வெளியிட்டனர். அதை எவரும் இலவசமாகப் பயன்படுத்தலாம்; தம் தேவைக்கேற்ப மாற்றியும் அமைக்கலாம்.

பிளாக்கரில் மென்பொருளைப் பராமரிப்பது அச்சேவையை நடத்தும் நிறுவனத்தின் பொறுப்பு. வேர்ட்பிரஸ் மென்பொருளைத் தாமே நிறுவிக்கொள்பவருக்கோ உரிமையும் அதிகம், பொறுப்பும் அதிகம். பல ஆண்டுகளாக எழுதிவந்த தளம் ஒருநாள் திடீரெனத் திறக்காமல் போகலாம். திரை முழுவதும் வெள்ளையாகத் தோன்றலாம். எழுதியவை எல்லாம் அழிந்துவிட்டன என்று கலங்கி, சிலர் தளத்தையே நீக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்க முயல்கின்றனர். பெரும்பாலும் இழப்பை உண்டாக்குவது பழுதன்று, இந்த அவசரமே.

வலைப்பூவின் அமைப்பை அறிந்தவர் இவ்வாறு பதற்றமடைய மாட்டார். அதில் நான்கு பகுதிகள் உள்ளன. முதன்மை மென்பொருள் தளத்தை இயக்குகிறது. வார்ப்புரு அதன் தோற்றத்தை அமைக்கிறது. செருகுநிரல்கள் கூடுதல் வசதிகளைத் தருகின்றன. எழுதிய கட்டுரைகளோ தரவுத்தளத்தில் தனியாகச் சேமிக்கப்படுகின்றன. வீட்டில் மின்சாரம் நின்றால் அலமாரியில் உள்ள புத்தகங்கள் காணாமல் போவதில்லை. அதுபோல, ஒரு செருகுநிரல் பழுதடைந்தால் கட்டுரைகள் அழிவதில்லை. அவற்றைக் காட்டும் வழிதான் அடைபடுகிறது.

பழுதைக் கண்டறிய ஒழுங்கான முறை தேவை. முதலில், வேறொரு உலாவியிலோ திறன்பேசியிலோ தளம் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து, கடைசியாகச் செய்த மாற்றம் எது என்பதை நினைவுகூர வேண்டும். புதிய செருகுநிரலைச் சேர்த்த பிறகு பழுது தோன்றினால், ஐயம் முதலில் அதன்மேல்தான் எழ வேண்டும். நிர்வாகப் பக்கமும் திறக்காவிட்டால், செருகுநிரல்கள் இருக்கும் கோப்புறையின் பெயரைத் தற்காலிகமாக மாற்றலாம். அப்போது அவை அனைத்தும் செயலிழக்கும். தளம் திறந்துவிட்டால், கோப்புறைக்குப் பழைய பெயரையே இட்டு, செருகுநிரல்களை ஒவ்வொன்றாக இயக்கிப் பார்க்க வேண்டும். எதை இயக்கியதும் தளம் மீண்டும் நின்றுவிடுகிறதோ, பழுது அதில்தான் உள்ளது. தரவுத்தளத்துடன் இணைக்க முடியவில்லை என்ற செய்தி தோன்றினால், தரவுத்தளத்தின் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல் ஆகியவை சரியாக உள்ளனவா என்று பார்க்க வேண்டும்.

தமிழில் எழுதுவோர் மற்றொரு சிக்கலையும் சந்திப்பதுண்டு. தளத்தை வேறிடத்திற்கு மாற்றும்போது, தமிழ் எழுத்துகள் இருந்த இடத்தில் புரியாத குறிகள் தோன்றலாம். ஒருங்குறி முறையில் சேமித்த எழுத்துகளை வேறொரு முறையில் படிப்பதே இதற்குக் காரணம். படிக்கும் முறையைத் திருத்தினால் பெரும்பாலும் எழுத்துகள் மீண்டுவிடும். ஆனால், எழுத்துகள் கேள்விக்குறிகளாக மாறிச் சேமிக்கப்பட்டுவிட்டால், அந்தப் படியிலிருந்து அவற்றை மீட்க இயலாது. அப்போது கைகொடுப்பது முன்பே எடுத்து வைத்த காப்புப்படி மட்டுமே.

ஆகவே, மென்பொருளைப் புதுப்பிப்பதற்கு முன்பும் தளத்தை மாற்றுவதற்கு முன்பும் காப்புப்படி எடுப்பது கட்டாயமாகும். தரவுத்தளத்தை மட்டும் சேமித்தால் போதாது. படங்கள் தனிக் கோப்புகளாக இருப்பதால் அவற்றையும் சேமிக்க வேண்டும். ஒரு படியைக் கணினியிலும் மற்றொரு படியை வேறோர் இடத்திலும் வைத்திருப்பது பாதுகாப்பானது. பயன்படாத செருகுநிரல்களை நீக்குவதும், எளிதில் ஊகிக்க முடியாத கடவுச்சொல்லை அமைப்பதும் நல்ல பழக்கங்களாகும்.

மென்பொருளை மீண்டும் நிறுவிக்கொள்ளலாம். பாட்டி சொல்லக் கேட்டு எழுதிய கதையை அவ்வாறு மீண்டும் பெற இயலுமா? வெள்ளம் வருமுன் அணை போடுவதே அறிவுடைமை. எழுதுவதில் காட்டும் அக்கறையை எழுதியதைக் காப்பதிலும் காட்டினால், வலைப்பூ என்றும் வாடாது.