ஐந்து பேர் கணக்கு

ஆரணிக்குப் பட்டில் பேர் உண்டு, கூடைப்பந்தில் கிடையாது. நம் சிறு நகரங்களின் கல்லூரிகள் பலவற்றுக்கும் இதே கதைதான். ஒரு சிமெண்ட் கோர்ட், பாதி அறுந்த வலை, பன்னிரண்டு பையன்கள், எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து ஒரே பி.டி. சார். மண்டலப் போட்டி நாக்-அவுட் என்றால், முதல் ஆட்டத்தில் தோற்றவுடன் பஸ் ஏற வேண்டியதுதான். "நமக்கு உயரம் பத்தாது சார்" என்ற ஒரே வரியில் விசாரணை முடிந்துவிடும்.

உயரம் பத்தாமல் இருக்கலாம். ஆனால் இருக்கிற பன்னிரண்டு பேரில் எந்த ஐவர் சேர்ந்தால் ஆட்டம் ஓடுகிறது என்று யாராவது பார்த்தார்களா? முதல் ஐவரை எப்படி எடுக்கிறார்கள் என்பது ஊரறிந்த சங்கதி. இறுதியாண்டு சீனியர்கள் மூவர், பள்ளியில் மாவட்ட அளவில் ஆடிய ஒருவன், இருப்பவர்களில் நெடியவன் ஒருவன். பாயிண்ட் அடிப்பவர்களை வரிசையாக நிறுத்தினால் அணி வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. ஐந்து பேருக்கும் பந்து வேண்டும். கோர்ட்டில் இருப்பதோ ஒரே பந்து.

2015 ஜூன். அமெரிக்காவின் என்.பி.ஏ. இறுதிச் சுற்றில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணி, கிளீவ்லாந்திடம் 1-2 என்று பின்தங்கி நின்றது. பயிற்சியாளர் ஸ்டீவ் கெர்ரின் உதவியாளர்களில் ஒருவரான நிக் யூரென், முந்தைய ஆண்டு இறுதிச் சுற்றின் வீடியோவைப் போட்டுப் பார்த்தார். அதில் சான் அன்டோனியோ அணி நடுவில் முதல் ஐவரை மாற்றி வென்றிருந்தது. நாமும் மாற்றலாம் என்றார். ஏழடி உயர சென்டர் ஆண்ட்ரூ போகட்டை உட்கார வைத்து, ஆறரை அடி ஆந்த்ரே இகுடாலாவை நான்காவது ஆட்டத்தில் முதலிலேயே இறக்கினார் கெர். அந்த சீசனில் அதுவரை ஒரு ஆட்டத்தைக்கூட இகுடாலா தொடக்கத்திலிருந்து ஆடியதில்லை. 103-82 என்று அந்த ஆட்டத்தை வென்றார்கள். தொடரும் 4-2 என முடிந்தது. இறுதிச் சுற்றின் சிறந்த வீரர் விருது இகுடாலாவுக்குப் போனது. உயரத்தைக் குறைத்து வென்ற அணி இது! அங்கே ஸ்டீஃபன் கர்ரி இருந்தார், நம்மிடம் இல்லை என்பீர்கள். சரிதான். ஆனால் முதல் மூன்று ஆட்டங்களில், தோற்ற இரண்டிலும் வென்ற ஒன்றிலும் அதே கர்ரிதான் ஆடினார். மாறியது அவர் பக்கத்தில் நின்ற ஆள்.

நம் பன்னிரண்டு பேருக்கு வருவோம். பன்னிரண்டில் ஐவரை 792 விதமாகச் சேர்க்கலாம். சர்வதேச விதிப்படி ஆட்டம் 40 நிமிடம். ஒவ்வொரு கூட்டணிக்கும் ஒரே ஒரு நிமிடம் கொடுத்தாலும் சுமார் இருபது ஆட்டம் வேண்டும். எந்தக் கல்லூரிக்கும் அவ்வளவு ஆட்டம் கிடைக்காது. அதனால் ஐவரைத் தேடுவதை விட்டுவிட்டு இருவரைத் தேடுவது நல்லது. ஜோடிகள் 66தான், களத்தில் நிற்கும் எந்த ஐவருக்குள்ளும் பத்து ஜோடிகள் அடக்கம். ஆகவே சீக்கிரமே விவரம் சேர்ந்துவிடும். பந்தைக் கொண்டுவரும் பாயிண்ட் கார்டும், எதிராளியை மறித்து நின்று அவனுக்கு ஸ்க்ரீன் போடும் சென்டரும் ஒத்துப்போகிறார்களா என்பதை முதலில் பாருங்கள். உடலும் பார்டரும் தனித்தனியே எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் சேருமிடம் பிசிறினால் சேலை விலை போகாது என்பதை ஆரணிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கணக்கு வைக்க லேப்டாப் தேவையில்லை. ஆடாத பையன் ஒருவனிடம் நோட்டைக் கொடுங்கள். ஆள் மாறும் ஒவ்வொரு முறையும் உள்ளே இருக்கும் ஐவரின் எண், நேரம், ஸ்கோர் மூன்றையும் எழுதட்டும். உள்ளே போகும்போது 20-24, வெளியே வரும்போது 29-28 என்றால் அந்த ஐவர் அடித்தது 9, விட்டது 4. ஐந்து பாயிண்ட் லாபம். இதுதான் 'பிளஸ் மைனஸ்'. ஒரு பாயிண்ட் கூட அடிக்காத ஒருவன் உள்ளே இருக்கும்போதெல்லாம் அணி லாபத்தில் ஓடுவதை இந்த நோட்டு காட்டிக்கொடுக்கும். ரீபவுண்டுக்கு இடம் பிடிப்பவன், டிஃபென்ஸில் கத்தி ஆள் சொல்பவன் போன்றவர்களை ஸ்கோர் ஷீட் கண்டுகொள்வதே இல்லை.

ஆனால் இந்தக் கணக்கு ஏமாற்றவும் செய்யும். இரண்டு மூன்று-பாயிண்ட் ஷாட் தற்செயலாக விழுந்தாலே ஆறு பாயிண்ட் லாபம் வந்துவிடும். எதிரணி தன் பெஞ்ச் ஆட்களை இறக்கிய நேரமாகவும் அது இருக்கலாம். நல்ல ஆட்டக்காரனோடு ஒட்டிக்கொண்டே ஆடுபவனுக்கும் அவன் புண்ணியத்தில் லாபம் சேரும். அதனால் அவன் இல்லாதபோது இவன் கணக்கு என்ன என்று தனியே பார்க்க வேண்டும். ஜெஃப் சகரின், வெய்ன் வின்ஸ்டன் என்ற இருவர் டல்லாஸ் மேவரிக்ஸ் அணிக்குக் கணினி வைத்துப் போட்டுக் கொடுத்ததும் அடிப்படையில் இந்தக் கணக்கைத்தான். ஒரே ஆட்டத்தின் நோட்டை நம்பி யாரையும் ஓரங்கட்டாதீர்கள்.

இன்னொன்று வெயில். அதில் ஆடிக் களைத்த ஐவர் சிறந்த ஐவராக இருக்க முடியாது. வட கரோலினா பல்கலைக்கழகத்தில் 1961 முதல் 1997 வரை பயிற்சியாளராக இருந்த டீன் ஸ்மித்திடம் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. களைத்தவன் முஷ்டியை உயர்த்தினால் உடனே மாற்றுவார்; தானாகக் கேட்டு வெளியே வந்தவன், தெம்பு வந்ததும் தானே திரும்பிப் போகலாம். பயிற்சியாளராகப் பார்த்து வெளியே எடுத்தால், எப்போது திரும்புவது என்பது அவர் முடிவு. சில நிமிடங்களுக்கு ஐந்து பெஞ்ச் ஆட்களையும் ஒன்றாக இறக்கி, முதல் ஐவருக்கு மூச்சு வாங்க நேரம் கொடுப்பதும் அவர் வழக்கம். மைக்கேல் ஜோர்டன் இவரிடம் ஆடி வளர்ந்தவர்.

கேப்டனாக இருக்கும் சீனியரிடம் "தம்பி, நீ ஐந்து நிமிஷம் கழிச்சு இறங்கு" என்று சொல்வதுதான் பி.டி. சாருக்கு உண்மையான சங்கடம். நோட்டைக் காட்டிச் சொன்னால் பாதிச் சங்கடம் தீரும். சான் அன்டோனியோவின் நட்சத்திரம் மனு ஜினோபிலி பெஞ்சிலிருந்து இறங்கியே 2008-ல் சிறந்த மாற்று வீரர் விருது வாங்கினார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நாக்-அவுட்டில் சோதனை செய்ய முடியாது. அதற்கு முன்பே செய்தாக வேண்டும். ஆரணி, போளூர், செய்யாறு, வேலூர் எல்லாம் பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். அணி வைத்திருக்கும் கல்லூரிகளின் பி.டி. சார்கள் ஒருவருக்கொருவர் போன் செய்து, மண்டலப் போட்டிக்கு முன்னால் சனிக்கிழமைகளில் நட்பு ஆட்டங்கள் வைத்துக்கொள்ள வேண்டும். நோட்டும் பேனாவும் கொண்டு வர மறக்காதீர்கள்.